ஏணியில எத்தனாவது படி? பின்லாந்துல எட்டு நாள்

நாள் 1, வெள்ளி

ஒரு வழியா வந்து சேர்ந்தாச்சுங்க. கோயமுத்தூர்ல ஏறி ரெண்டு பிளைட் மாறி ஹெல்சிங்கில இறங்கறப்ப மத்தியானம் ரெண்டு மணி, ஆனா வெளிய பாத்தா விடிகாலை அஞ்சரை மாதிரி இருக்கு, வரலாமா வேண்டாமான்னு சூரியன் யோசிச்சுட்டு நிக்கற மாதிரி ஒரு வெளிச்சம். தம்பி ஏர்போர்ட்டுக்கே ஒரு பெரிய கோட்டைத் தூக்கிட்டு வந்துட்டான், போட்டுக்கிட்டு கண்ணாடியில பாத்தா மெத்தைக்கு உறை போட்ட மாதிரி இருந்தேன்.

நவம்பர்ல யாராச்சும் பின்லாந்து போவாங்களான்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில், டிக்கெட் வெலை கம்மி. இன்னொண்ணும் இருக்கு, 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்காக்காரன் நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரின்னு போட்டதுல இருந்து திருப்பூர்ல பாதிப் பேரு ஆர்டருக்கு வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கோம், எங்க ஜாப் ஒர்க் யூனிட்ல பன்னெண்டு மெஷின்ல அஞ்சுதான் ஓடுது. ஆர்டர் இருக்கற காலத்துல எனக்கு அவிநாசி போகக்கூட நேரம் இருக்காது. நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்னு வீட்டுக்காரரே பெட்டிய எடுத்துக் குடுத்துட்டாரு.

சரி விஷயத்துக்கு வர்றேன். உலகத்துலயே ரொம்ப சந்தோஷமான நாடு பின்லாந்துன்னு வருஷா வருஷம் மார்ச் மாசம் பேப்பர்ல போடறாங்கல்ல, 2018ல இருந்து 2025 வரைக்கும் எட்டு வருஷமா இவங்கதான் முதலிடம், 2025 லிஸ்ட்ல இருக்கற 147 நாட்டுல நம்ம நாடு 118. அதனால ஏர்போர்ட்ல இருந்து தம்பி வீடு இருக்கற எஸ்போங்கற பக்கத்து ஊர் வரைக்கும் ரயில்ல ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டே வந்தேன். சத்தியமா சொல்றேன், எழவு வீட்டுக்குப் போயிட்டு பஸ்ஸுல திரும்பி வர்ற கூட்டம் மாதிரிதான் இருந்துச்சு. ஒருத்தர்கூட வாயத் திறக்கல, ரெண்டு பேரு உக்கார்ற சீட்டுல ஒருத்தர் இருந்தா அடுத்தவர் பக்கத்துல உக்காராம நின்னுட்டே வர்றாங்க. நான் தம்பிகிட்ட ஊர்க்கதை பேச ஆரம்பிச்சேன், அவன் "அக்கா மெதுவா, மெதுவா"ங்கறான்.

"ஏன்டா, இவங்களா சந்தோஷமா இருக்கறவங்க?"

"அதை இவங்களே நம்ப மாட்டாங்கக்கா."

நைட்டு சாப்புடறப்ப அந்த லிஸ்ட்ட எப்படிப் போடறாங்கன்னு தம்பி சொன்னான். சிரிக்கறியா அழுவறியான்னு எல்லாம் கேக்கறது இல்லையாம். ஒரு ஏணிய நினைச்சுக்கோங்க, அடியில பூஜ்யம், உச்சியில பத்து, உங்களுக்கு அமையக்கூடியதுலயே நல்ல வாழ்க்கைன்னா பத்து, ரொம்ப மோசமான வாழ்க்கைன்னா பூஜ்யம், இப்ப நீங்க எத்தனாவது படியில நிக்கறீங்க? அவ்ளோதான் கேள்வி. ஒவ்வொரு நாட்டுலயும் வருஷம் சுமார் ஆயிரம் பேருகிட்ட இதைக் கேட்டு மூணு வருஷ சராசரி எடுக்கறாங்க. பின்லாந்துக்கு ஏழே முக்கால் கிட்ட வருது.

உடனே வீட்டுலயே ஆரம்பிச்சுட்டேன். தம்பி பொண்டாட்டி ஏழுன்னா. தம்பி தட்டைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஆறுன்னான். "உங்களுக்கு அண்ணி?"ன்னு அவ கேட்டா, நான் ஒறம்பரைக்கு வந்த எடத்துல கொறைச்சுச் சொல்லக் கூடாதுன்னு எட்டுன்னு சொல்லிட்டேன்.

நாள் 2, சனி

இன்னிக்கு இவங்களுக்கு இறந்தவங்களை நினைக்கற நாள், நம்ம ஊர்ல கிறிஸ்துவங்க கல்லறைத் திருநாள் கும்புடுவாங்கல்ல அது மாதிரி. சாயங்காலம்னு சொல்ல முடியாது, நாலரை மணிக்கே இருட்ட ஆரம்பிச்சிருச்சு. ஹெல்சிங்கில கடலோரமா ஹியெதானியெமின்னு ஒரு பெரிய கல்லறைத் தோட்டம், தம்பி கூட்டிட்டுப் போனான்.

உள்ள போனதும் எனக்குப் பேச்சு வரல. கண்ணுக்கெட்டுன தூரம் மெழுகுவத்தி, ஆயிரக்கணக்குல, தரையில உக்காந்த கார்த்திகை தீபம் மாதிரி. போர்ல செத்தவங்க வரிசை தனியா இருக்கு, 1939ல ரஷ்யா படையெடுத்து வந்தப்ப சண்டை போட்ட பசங்க, கல்லுல வயசைக் கணக்குப் போட்டா பத்தொம்பது, இருவது, இருவத்தொண்ணு. ஒவ்வொரு கல்லுக்கும் யாரோ வெளக்கு வச்சிருக்காங்க. இவ்ளோ கூட்டம், ஆனா கேக்கறது காலடிச் சத்தம் மட்டும்தான். நேத்து எழவு வீட்டு மூஞ்சின்னு எழுதுனேன் பாருங்க, நெஜமான எழவு எடத்துல இவங்க மூஞ்சி நேத்து ரயில்ல இருந்ததை விட லேசாத்தான் இருந்துச்சு.

ஒரு எடத்துல மட்டும் கல்லறையே இல்லாம தரையில வெளக்கா குமிஞ்சு கிடக்கு. என்னன்னு கேட்டா, வேற எங்கயோ பொதைச்சவங்களை நினைக்கறவங்களுக்குன்னு ஒதுக்கின எடமாம். எங்கப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு, நொய்யல் ஓரத்துல வச்சுட்டு வந்தோம். தம்பி ரெண்டு மெழுகுவத்தி வாங்கிட்டு வந்தான், கொளுத்தி வச்சுட்டு சித்தே நேரம் நின்னோம். தம்பிக்கு அப்பாவோட கடைசி நேரத்துக்கு வந்து சேர முடியல. அதைப் பத்தி அவன் எப்பவும் பேசறது இல்ல, இன்னிக்கும் பேசல.

நாள் 3, ஞாயிறு

மழை. வெளிய போகல. குட்டிப்பையன், அதாவது என் மருமவன், அடுத்த மாசம் மூணு வயசு முடியுது, அவன் பொறந்தப்ப கவர்மெண்ட் குடுத்த அட்டைப்பெட்டிய எடுத்துக் காட்டுனா தம்பி பொண்டாட்டி. உள்ள சட்டை, குல்லா, போர்வை, மெத்தைன்னு எல்லாம் இருந்துச்சாம், அந்தப் பெட்டியிலயே கொழந்தையத் தூங்க வைக்கலாம், இவனும் மொத மூணு மாசம் அதுலதான் தூங்கிருக்கான். இப்ப அதுல இவன் கார் பொம்மை எல்லாம் கிடக்கு. 1938ல ஏழைத் தாய்மாருக்குன்னு ஆரம்பிச்சது, 1949ல இருந்து எல்லாருக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க, கர்ப்பமாகி நாலு மாசம் முடியறதுக்குள்ள ஆஸ்பத்திரியில வந்து காட்டுனாத்தான் பெட்டி. அந்தக் காலத்துல ஆயிரம் கொழந்தை பொறந்தா அறுவதுக்கு மேல சாவு இங்க, பெட்டிக்கு ஆசைப்பட்டு டாக்டர்கிட்ட வந்தவங்க எத்தனை பேரோ. இப்ப ஆயிரத்துக்கு ரெண்டுதான்.

நான் சட்டைத் துணியத் தடவிப் பாத்தேன், தொழில் புத்தி. தையல் சுத்தமா இருந்துச்சு, சைடு சீம்ல நூல் பிசிறே இல்ல.

மத்தியானம் முழுக்க தம்பி பால்கனிக் கதவைச் சாத்திட்டு யார்கிட்டயோ போன் பேசிட்டே இருந்தான். ஞாயித்துக்கிழமை கூட ஆபீஸ் வேலையான்னு கேட்டேன், ஆமாக்கான்னான்.

நாள் 4, திங்கள்

காலையில மருமவனை டேகேர்ல விடப் போனோம். மழை தூறிட்டு இருக்கு, நாலு டிகிரி, பிள்ளைங்க எல்லாம் ரப்பர்ல செஞ்ச ஒரே உடுப்பு, கழுத்துல இருந்து கால் வரைக்கும், அதை மாட்டிக்கிட்டு சேத்துல எருமைக்கன்னு மாதிரி பொரண்டுட்டு இருக்காங்க. டீச்சரம்மா பாத்துட்டு நிக்கறாங்க, யாரையும் தூக்கல, "டேய் வேண்டாம்"னு ஒரு வார்த்தை இல்ல. எனக்குத்தான் கை பரபரன்னுச்சு. இன்னும் சின்னக் கொழந்தைங்க, வண்டியிலயே வெளிய குளிர்ல தூங்குது, வேணும்னேதான் வெளிய தூங்க வைக்கறாங்க, நல்லாத் தூங்குமாம். பீஸ் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி, எவ்ளோ சம்பளம் வாங்குனாலும் மாசம் 300 யூரோ சொச்சத்துக்கு மேல போகாது. கொழந்தை வண்டிய தள்ளிட்டு ஏறுனா பஸ்ஸுலயும் ட்ராம்லயும் தள்றவங்களுக்கு டிக்கெட் கிடையாது. இது ஒண்ணு எனக்கு ரொம்பப் புடிச்சுது, யாரோ ஒரு ஆபீசர் கொழந்தை வண்டியோட பஸ் ஏறிப் பாத்திருக்கணும்.

பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு இலவசம், 1948ல இருந்து. காமராஜர் நம்ம ஊர்ல ஆரம்பிச்சதுக்கு கொஞ்ச வருஷம் முன்னாடி. அப்ப இவங்களும் ஒண்ணும் பணக்காரங்க இல்ல, போர்ல அடிபட்டு ரஷ்யாவுக்கு நஷ்டஈடு கட்டிட்டு இருந்த நாடு.

அப்புறம் ஊடி. அது ஹெல்சிங்கி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற நூலகம், நாடு சுதந்திரமாகி நூறு வருஷம் ஆனதுக்கு மக்களுக்கு அவங்களே குடுத்துக்கிட்ட பரிசு மாதிரி, 2018 டிசம்பர்ல தொறந்தது. எதுத்தாப்புல பார்லிமெண்ட். மேல்மாடியில புஸ்தகம், அதை விடுங்க, அதுக்குக் கீழ இருக்கற தளத்துல தையல் மெஷின் இருக்குங்க! நூலகத்துல! மெஷின் மட்டுமில்ல, துணி ஓரம் பிசிறாம அடிக்கற ஓவர்லாக்கும் இருக்கு. நேரம் புக் பண்ணிட்டு யாரு வேணா உக்காந்து தைக்கலாம், காசு கிடையாது. தம்பி எனக்காக முன்னாடியே புக் பண்ணி வச்சிருக்கான், அக்காவ வேற எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாதா அவனுக்கு. மருமவன் பேன்ட் ரெண்டு நீளமா இருந்துச்சு, அதைக் கொண்டு போயிருந்தோம், மடிச்சு அடிச்சேன். ரெண்டு மாசமா மெஷின் சத்தத்தை முழுசா கேக்காத காதுங்க எனக்கு, அந்த மோட்டர் ஓடுனதும் மனசு எப்படியோ ஆயிருச்சு.

பக்கத்து மெஷின்ல ஒரு பாட்டி, வயசு எழுவத்தெட்டாம், ஜன்னல் திரைய வெட்டி பை தைச்சுட்டு இருந்தாங்க. என் கைய ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்துட்டு, பாபின்ல நூல் சிக்கிக்கிட்டப்ப நான் எடுத்துவிட்டதும்தான் பேச ஆரம்பிச்சாங்க. அவங்க இங்கிலீசும் என் இங்கிலீசும் சரிக்குச் சரி, அதனால நல்லாப் புரிஞ்சுது. அவங்கம்மா கரேலியாவுல இருந்து வந்தவங்களாம், போர்ல அந்தப் பகுதிய ரஷ்யா எடுத்துக்கிட்டப்ப நாலு லட்சத்துக்கு மேல சனம் வீடு வாசல விட்டுட்டு நடந்து வந்துச்சு, அம்மா கொண்டு வந்தது ஒரு பசுவும் ஒரு தையல் மெஷினும். வந்தவங்களுக்கெல்லாம் மத்தவங்க நெலத்துல இருந்து எடுத்துப் பங்கு போட்டுக் குடுத்து குடி வச்சிருக்காங்க, சட்டம் போட்டு. அந்த மெஷின் இன்னும் அவங்க வீட்டுல இருக்காம்.

ஏணிக் கதையச் சொல்லி எத்தனாவது படின்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. இவங்க யோசிக்கறப்ப நாம குறுக்க பேசிறக் கூடாது, தம்பி சொல்லி அனுப்பிருக்கான். அப்புறம் "எட்டு"ன்னாங்க.

"ஏன் பத்து இல்ல?"

"பத்துன்னு சொன்னா பெருமையடிச்ச மாதிரி இருக்கும்"ன்னாங்க. சந்தோஷம் இருக்கறவன் அதை மறைச்சு வச்சுக்கணும்னு இங்க ஒரு பேச்சு உண்டாம். நம்ம ஊர்ல கண்ணு பட்டுரும்னு சொல்றதில்லையா, அதேதான், திருஷ்டிப் பூசணி மட்டும்தான் இல்ல.

"ஏழு ஏன் இல்ல?"

"நான் மேல இருந்து எண்ணல, கீழ இருந்து எண்ணுனேன். எங்கம்மா நின்ன எடத்துல இருந்து."

நாள் 5, செவ்வாய்

மருமவன் கையுறை ஒண்ணு தொலைஞ்சு போச்சு, செவப்பு, கட்டை விரல்ல ஒரு கரடி. நேத்து டேகேர்ல இருந்து வர்ற வழியில விழுந்திருக்கு. நான் போயிருச்சுன்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில அதே வழியா போறோம், ஒரு வேலிக் கம்பத்து உச்சியில யாரோ மாட்டி வச்சிருக்காங்க, கை தூக்கி டாட்டா காட்டுற மாதிரி. இங்க அது பழக்கமாம், கீழ கெடக்கற ஒத்தைக் கையுறைய யாரும் எடுத்துட்டுப் போகவும் மாட்டாங்க, மிதிச்சுட்டும் போக மாட்டாங்க, கண்ணுல படற ஒசரத்துல மாட்டிட்டுப் போயிருவாங்க. அதுக்கப்புறம் பாத்தா வழி நெடுக கம்பத்துலயும் மரக்கெளையிலயும் ஒத்தைக் கையா தொங்குது.

2013ல ஒரு பத்திரிகை பதினாறு ஊர்ல பன்னெண்டு பன்னெண்டு பர்ஸை வேணும்னே கீழ போட்டுப் பாத்துச்சு, ஹெல்சிங்கில பதினொண்ணு திரும்பி வந்துச்சு. ரெண்டாவது எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்? நம்ம மும்பை, ஒம்போது! யாரும் எதிர்பாக்கல இல்ல? அங்கதான் விஷயமே இருக்கு. 2025 சந்தோஷ அறிக்கையில இதைத்தான் எழுதிருக்காங்க, பர்ஸ் திரும்பி வரும்னு சனங்க நினைக்கறதை விட ரெண்டு மடங்கு நெஜத்துல திரும்பி வருதாம், ஆனா வாழ்க்கைய நல்லாருக்குன்னு சொல்ல வைக்கறது, வரும்ங்கற நம்பிக்கையாம். நம்ம ஊர்ல நல்லவங்க கம்மின்னு இல்லைங்க. ஆனா பர்ஸ் தொலைஞ்சா நாம மொதல்ல பண்றது கார்டை பிளாக் பண்றது, ரெண்டாவது வீட்டுல திட்டு வாங்கறது, தேடிப் போறதே இல்ல.

மத்தபடி இன்னிக்கு பாறையைக் குடைஞ்சு கட்டுன சர்ச் பாத்தோம், மார்க்கெட்ல மீன் சூப் குடிச்சோம், உப்பு பத்தல.

நாள் 6, புதன்

இன்னிக்கு ரெண்டு விஷயம், மொதல்ல லேசானது. வருஷா வருஷம் நவம்பர் ஆரம்பத்துல வருமானவரி ஆபீஸ்ல யாரு எவ்ளோ சம்பாதிச்சாங்க, எவ்ளோ வரி கட்டுனாங்கன்னு எல்லாருக்கும் தொறந்து காட்டிருவாங்க. பேப்பர்ல பெரிய ஆளுங்க லிஸ்ட் வந்துரும். பொறாமை நாள்னு இவங்களே பேரு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல பண்ணுனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தேன், பாதிப் பேரு வீட்டுக் கல்யாணத்துல பந்தி பரிமாற ஆள் வராது. ரோட்டுல ரொம்ப வேகமாப் போனா போடற அபராதமும் வருமானத்தைப் பொறுத்துதான், 1921ல இருந்து இப்படித்தான், 2023ல ஒரு பணக்காரரு அம்பதுல போக வேண்டிய எடத்துல எம்பத்திரண்டுல போயி 1,21,000 யூரோ கட்டிருக்காரு.

ரெண்டாவது சௌனா, அதாவது இவங்க ஆவிக்குளியல் ரூம். இந்த நாட்டுல 56 லட்சம் பேரு, சௌனா மட்டும் 30 லட்சத்துக்கு மேல. தம்பி அபார்ட்மெண்ட்ல கீழ ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துல ஒரு மணி நேரம் முறை. பொம்பளைங்க நாங்க ரெண்டு பேரும் போனோம், கீழ் வீட்டு அம்மாவையும் கூப்புட்டுக்கிட்டோம், எழுவது வயசிருக்கும். கதவைத் தொறந்து உள்ள போனா அந்தம்மா உடம்புல பொட்டுத் துணி இல்லாம ஜம்முனு உக்காந்திருக்காங்க. நான் டவலை ரெண்டு சுத்து சுத்தி, மேல ஒரு டவல் போத்தி, மாரியம்மன் கோயிலுக்கு வேப்பிலை சுத்திட்டுப் போற மாதிரி போயி ஓரமா உக்காந்தேன். எம்பது டிகிரி. அந்தம்மா அகப்பையில தண்ணிய மொண்டு கல்லு மேல ஊத்துனாங்க, ஸ்ஸ்ஸ்னு சத்தம், ஒரு செகண்ட் ஒண்ணுமில்ல, அப்புறம் காதுல இருந்து சூடு எறங்குது பாருங்க, இட்லிப் பானைக்குள்ள நானே இட்லி. அந்த ஆவிக்கு லோய்லுன்னு தனிப் பேரே இருக்கு. பத்து நிமிஷத்துல மேல் டவல் போச்சு. மீதிய நான் எழுதப் போறதில்ல.

சௌனாவுக்குள்ளதான் இவங்க வாய் தொறக்கறாங்க. அந்தக் காலத்துல பிரசவம் பாத்ததும் அங்கதான், செத்தவங்களைக் குளிப்பாட்டுனதும் அங்கதான்னு அந்தம்மா சொன்னாங்க. ஏணிக் கேள்விய கேட்டேன், ஏழுன்னாங்க. சந்தோஷமா இருக்கீங்களான்னு கேட்டா மூஞ்சியச் சுளிச்சாங்க. அவங்க பாஷையில அதுக்கு இருக்கற வார்த்தை ரொம்பப் பெருசாம், கல்யாணத்தன்னிக்கும் கொழந்தை பொறந்தன்னிக்கும் சொல்றது. தினப்படிக்கு வேற வார்த்தை இருக்கு, தம்பி பொண்டாட்டி அதைத் திருப்தின்னு எனக்குச் சொன்னா. ஏணியில அவங்க சொன்ன ஏழு அந்தத் திருப்திக்குத்தான்.

அவங்க கூடப் பொறந்த அண்ணன் தற்கொலை பண்ணி இறந்தவரு. அப்படியே சொன்னாங்க, குரல் மாறல. 1990 வாக்குல இந்த நாட்டுல ஒரு லட்சம் பேருக்கு முப்பது பேருன்னு தற்கொலை, உலகத்துலயே ரொம்ப மோசமான கணக்குல ஒண்ணு. அப்ப நாடு முழுக்க ஒரு திட்டம் போட்டு, ஒரு வருஷத்துல நடந்த ஒவ்வொரு சாவையும் எடுத்து ஏன் எதுக்குன்னு ஆராய்ஞ்சு, டாக்டர்ல இருந்து பட்டாளம் வரைக்கும் ஆளைப் பழக்கி, வருஷக்கணக்கா வேலை பாத்து பாதிக்கும் கீழ கொண்டு வந்திருக்காங்க. "எங்களுக்கு சந்தோஷம் வராது, துக்கத்தை எப்படிக் கொறைக்கறதுன்னுதான் தெரியும்"னு சொல்லிட்டு இன்னொரு அகப்பை தண்ணிய ஊத்துனாங்க.

நாள் 7, வியாழன்

இதை எழுதலாமான்னு தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். எழுதுக்கா, என் பேரு ஆபீஸ் பேரு மட்டும் வேண்டாம்னுட்டான். அம்மாவுக்கு இந்த போன்ல எல்லாம் படிக்கத் தெரியாது.

தம்பி லீவு போட்டுட்டேன்னு நூக்ஸியோ காட்டுக்குக் கூட்டிட்டுப் போனான், எஸ்போ ஸ்டேஷன்ல இருந்து பஸ்ஸுதான். தேசியப் பூங்கா, ஆனா கேட்டு கிடையாது, டிக்கெட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. இந்த நாட்டுல முக்கால் வாசி காடு, யாரோட காடா இருந்தாலும் நடக்கலாம், காளான் பழம் பறிச்சுக்கலாம், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம், வீட்டு முத்தத்துக்குள்ள மட்டும் போகக் கூடாது. காலங்காலமா இருக்கற உரிமை. பாசிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு காளான் பறிச்சோம், மஞ்சக் காலு, பழுப்புக் குடை, ஒண்ணு கண்ணுல பட்டா சுத்தி அம்பது இருக்கும். எனக்கு வேடிக்கை, ஆனா இதே நாட்டுக் காடுகள்ல பழம் பறிக்க தாய்லாந்துல இருந்து ஏழைச் சனங்களைக் கூட்டிட்டு வந்து பிழிஞ்சு எடுத்ததுல ஆள்கடத்தல் வழக்கு கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அதையும் தம்பிதான் சொன்னான். அப்பவே எனக்கு எதுக்கு இதைச் சொல்றான்னு தோணுச்சு.

குளத்தோரமா அடுப்பு கட்டி வச்சிருக்காங்க, வெறகும் அவங்களே வெட்டி அடுக்கி வச்சிருக்காங்க, எரிச்சுக்கோங்கன்னு. தம்பி தீ மூட்டுனான். பிளாஸ்க்ல இருந்து காபி ஊத்திக் குடுத்துட்டு, தீயப் பாத்துட்டே சொன்னான்.

"ஆபீஸ்ல ஆள் கொறைக்கறாங்கக்கா. என் பேரும் லிஸ்ட்ல இருக்கு. டிசம்பரோட கடைசி."

நான் ஒண்ணும் பேசல. யோசிக்கறவங்களைக் குறுக்க பேசக் கூடாதுன்னு இவன்தானே சொல்லிக் குடுத்தான்.

"காசுக்குப் பிரச்சனை இல்ல, வேலையில்லாதவங்களுக்கான நிதியில நான் மெம்பர், சம்பளத்துல ஒரு பங்கு மாசா மாசம் வரும். ஆனா இங்க தங்கற பர்மிட் வேலைக்குத்தானே குடுத்திருக்கான்? ஜூன் மாசத்துல இருந்து புது ரூல், மூணு மாசத்துக்குள்ள வேற வேலை தேடணும், ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு ஆறு மாசம். எனக்கு ஆறு. அதுக்குள்ள கெடைக்கலேன்னா..."

இங்க வேலையில்லாதவங்க நூத்துக்கு ஒம்போது பத்து பேரு இருக்காங்களாம் இப்ப. ஞாயித்துக்கிழமை பால்கனி போன் எதுக்குன்னு புரிஞ்சுது. இன்னிக்கு லீவும் லீவு இல்ல, போனாலும் போகாட்டியும் யாரும் கேக்கறதில்லையாம்.

எனக்கு அந்தத் தையல் பாட்டி ஞாபகம் வந்துச்சு. அவங்க கீழ இருந்து எண்ணலாங்க, ஏன்னா கீழ ஒரு தரை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், பசுவோட வந்தவளுக்கே நெலம் குடுத்த நாடு அது. இவன் கீழ பாத்தா தரை தெரியும், ஆனா அது யாரு வீட்டுத் தரைன்னு தெரியாது. இதுல ஒரு கூத்து, குடியேறி வந்தவங்களைத் தனியா கணக்கெடுத்து 2018 அறிக்கையில ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுலயும் பின்லாந்துதான் முதலிடம். தம்பி அதைச் சொல்லிட்டு சிரிச்சான், வந்ததுல இருந்து இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சான்.

"அப்ப ஆறுன்னு சொன்னியே, அது பொய்யா?"

"இல்லக்கா, நெஜமாத்தான் ஆறு. பையன் சேத்துல விளையாடறான் பாத்தியா. அவனை எங்க விட்டுட்டுப் போனாலும் எனக்கு பயமில்ல இங்க. அதுக்கு மட்டுமே நாலு படி. நீ சொன்ன எட்டு பொய்தானே?"

நான் நெருப்புல ஒரு சுள்ளியப் போட்டேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன், ரெண்டு மாசமா மெஷினுக்குக் கட்ட வேண்டிய தவணை, ஒடிசாவுல இருந்து வந்த பசங்க ஆறு பேரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவங்க இன்னும் திரும்பி வராதது, வீட்டுக்காரரு ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றது, எல்லாம். "நாலுடா. நல்ல நாள்ல அஞ்சு"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல, சட்டியில காளானைப் போட்டு வெண்ணெய் விட்டு வதக்கிட்டே இருந்தான், ரெண்டு பேரும் ஒரே சட்டியில எடுத்துத் தின்னோம். உப்பு சரியா இருந்துச்சு.

நாள் 8, வெள்ளி

ஏர்போர்ட்ல உக்காந்து எழுதறேன். வர்றப்ப ரயில்ல ஒரு வார்த்தை பேசல நாங்க, யாரும் எங்களைப் பாக்கவும் இல்ல, எட்டு நாள்ல நானும் எழவு வீட்டு மூஞ்சி பழகிட்டேன். பெட்டியில ரெண்டு கிலோ காபித்தூள், மருமவன் குடுத்த ஒரு கூழாங்கல்லு. கையுறை இப்ப கயித்துல கோத்து கோட்டுக்குள்ள மாட்டிருக்கு, நான்தான் தைச்சுக் குடுத்தேன்.

செக்கிங் முடிச்சுட்டு அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல கூப்புட்டேன், அங்க ராத்திரி சாப்பாட்டு நேரம். நானும் தம்பியும் ராத்திரியே பேசி வச்சுக்கிட்டோம், என்ன சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு. அம்மா மூஞ்சிக்குப் பதிலா மூக்கு மட்டும் தெரியுது, எப்பவும் போல.

"என்ன கண்ணு, கெளம்பிட்டியா? தம்பி எப்படி இருக்கான்? அந்த ஊர்ல எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கானாமே, பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நம்ம பையனும் அப்படித்தானே இருக்கான்?"

"ஆமாம்மா, நல்லாருக்கான். கொஞ்சம் எளைச்சிருக்கான்."

"குளுருக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொன்னேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்மா."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."